ஆள் மாற்றி ஆள்

அந்த வருஷம் தை பிறந்தும் மழை ஓயவில்லை. பட்டுக்கோட்டையைத் தாண்டி ஒரத்தநாடு போகிற வழி முழுக்க அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறி மாறி வந்தன. அறுத்த வயலில் தண்ணீர் நின்றது. அறுக்காத வயலில் சம்பாப் பயிர், மாடு படுத்துப் புரண்டுவிட்டுப் போனதுபோலச் சாய்ந்து கிடந்தது. காய்ந்த இடம் என்று பார்த்தால் தார்ச்சாலை ஒன்றுதான். அதனால் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் நெல்லை அளைந்து அளைந்து வெயில் படவைத்தார்கள்.

ஜாஃபர் சாதிக் நெல்லின் மேல் சக்கரம் ஏறாமல் ஓட்டிக்கொண்டு போனார். குவைத்தில் முப்பது வருஷம் காய்கறி மார்க்கெட்டுக்குக் குளிர்பதன லாரி ஓட்டியவர். அங்கே ரோட்டில் மணல்தான் கிடக்கும், அதன் மேல் ஏற்றினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி கமருன்னிஸா பின் சீட்டில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், முயல் வளர்க்கிறவர்கள் வாங்குகிற கம்பிக் கூண்டு ஒன்று. அதற்குள் இரண்டு பூனைகள். சாம்பல் நிறத்தில் இருந்தது பிஸ்தா. மஞ்சள் நிறத்தில் கனமாக, காது கிழிந்து இருந்த கடுவன் சுல்தான். பிஸ்தா ஏறினதும் சுருண்டு படுத்துவிட்டது. சுல்தான் அதிராம்பட்டினத்தில் வாயைத் திறந்ததுதான், மூடவே இல்லை.

அவர்கள் பரோடா போய்க்கொண்டிருந்தார்கள். சும்மா போய் வருவதற்கு இல்லை, குடியே போகிறார்கள். அங்கே மகன் ஆஸிம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகள் ரிஃப்காவுக்கு ஒன்பதாம் மாசம். அவளுக்கும் வேலை இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வாப்பாவும் உம்மாவும் அதிராம்பட்டினத்தில் இரண்டு பேராக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆஸிம் கேட்டான். தன் வீட்டுக்குக் கீழ்வீடு காலியானதும் அதையே வாடகைக்குப் பிடித்துவிட்டான். ஜாஃபர் சாதிக் சரி என்றார். கமருன்னிஸாவும் சரி என்றாள். பூனைகள் வந்தால் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஜாஃபர் சாதிக் நிரந்தரமாக ஊர் திரும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் சபராளி வீடுகள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்கள் வீட்டை ஆண்டார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாச லீவில் வந்தபோதெல்லாம் அவருக்கு வீடு விருந்து மாதிரி இருந்தது. நிரந்தரமாக வந்த பிறகுதான் அது எவ்வளவு அமைதியான வீடு என்று தெரிந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சாப்பாடு வந்தது, டீ வந்தது. ஆனால் வருஷக்கணக்காக ஃபோனிலேயே பேசிப் பழகிய இரண்டு பேருக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் பேச விஷயம் தேறவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே பூனைகளோடு அவள் பேசிக்கொண்டிருப்பது கூடத்துக்குக் கேட்கும். "என்ன வாப்பா, பசிக்குதா, சாப்பிடுறீங்களா" என்று சுல்தானை மரியாதையாகத்தான் பேசுவாள். அவர் எட்டிப் பார்த்தால் இரண்டும் பீரோவுக்கு அடியில் ஓடிவிடும். அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள்.

ஒவ்வொரு லீவிலும் அவர் ஒன்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த தடவை வரும்போது உன்னைத் தஞ்சாவூர், தாராசுரம், கல்லணை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். அடுத்த தடவை வந்தால் கல்யாணம், மவுத்து, வீட்டு வேலை என்று லீவு தீர்ந்துவிடும். இப்போது வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, சாமான்கள் பார்சல் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. கையில் பழைய ஈக்கோ வண்டி இருந்தது, அவசரம் இல்லை. போகிற வழியில் சொன்னதையெல்லாம் காட்டிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தார். அதை அவளிடம் சொன்னபோது அவருக்கு ஒரு கடன் தீர்கிற நிம்மதி இருந்தது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. புழுக்கத்தில் பூனைகளை வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போக முடியாது. உள்ளே கொண்டுபோகவும் முடியாது. யாராவது ஒருத்தர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

"ஆள் மாத்தி ஆள் போயிட்டு வருவோம். மொதல்ல நீங்க போங்க," என்றாள் கமருன்னிஸா.

அவர் போனார். வெளிப்பிராகாரத்துப் புல்வெளியில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். அவர் ஃபோனில் படம் எடுத்தார். பார்த்ததைச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு அவள் போனாள். அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சுல்தான் கூண்டின் அந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டு, கத்துவதை விட்டுவிட்டு அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. அவளும் சீக்கிரமே வந்துவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டார். பெருசா இருக்கு என்றாள். அவ்வளவுதான்.

தாராசுரத்திலும் அப்படியே. அங்கே நிழலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் மாசிச் சம்பலையும் சாப்பிட்டார்கள். பூனைகளுக்கு அவள் நெத்திலிக் கருவாட்டைப் பிய்த்துப் போட்டாள். வண்டி முழுக்கக் கருவாட்டு வாடை. கை கழுவிவிட்டு அவர் கோயிலுக்குள் போகத் திரும்பியபோது, அவள் கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"படி ஏறுற எடத்துல பக்கச் சுவத்தைப் பாருங்க. மாடும் யானையும் மாதிரி ஒரு சிலை இருக்கும். தலை ஒண்ணுதான். இந்தப் பக்கம் மறைச்சா மாடு, அந்தப் பக்கம் மறைச்சா யானை."

அவர் நின்றார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸிம் ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க. உம்மாமார்களையும் வரச் சொன்னாங்க. பெரிய கோயில், கல்லணை எல்லாம் அப்பவே பாத்தாச்சு." துணியை உதறிக்கொண்டே, "அன்னிக்கு ஃபோன்ல சொன்னேனே," என்றாள்.

அவருக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பாள். அவரும் ம், ம் என்று கேட்டிருப்பார். பிறகு ஏன் வந்தாய், வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். நீங்கள் ஆசையாகச் சொன்னீர்கள், அதனால் வந்தேன் என்றாள். அவர் உள்ளே போய் அந்தச் சிலையைத் தேடிப் பிடித்தார். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்தார், மறு பக்கத்தையும் மறைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. இத்தனை நாளாக யார் யாருக்குக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அன்றைக்குத் திருவையாற்றில் தங்குவதாகத் திட்டம். ஆராதனை நாட்கள் என்பது அவருக்கு நினைப்பில்லை. கடைத்தெருவில் வண்டி நகரவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. இரண்டு லாட்ஜில் ரூம் இல்லை. மூன்றாவது லாட்ஜில் இருந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்துச் சுல்தான் வண்டிக்குள்ளிருந்து ஊரைக் கூட்டியது. மேனேஜர் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார். திருச்சியில் குவைத் சிநேகிதன் ஒருத்தன் வீடு இருந்தது. கல்லணை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஆற்றோரச் சாலையைப் பிடித்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதே என்று கமருன்னிஸா சுல்தானைக் கூண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது அடங்கியது.

திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் ஒரு ஊரில் வண்டி நின்றுவிட்டது. சாலையோரத்தில் நெல் கொள்முதல் நிலையம். நெல் ஏற்றிய டிராக்டர்களும் மூட்டை ஏற்றுகிற லாரியும் எதிரெதிராக நின்று வழியை அடைத்திருந்தன. களம் நிரம்பி வழிந்து, சாலையின் இரண்டு பக்கமும் அம்பாரம் அம்பாரமாக நெல் குவிந்திருந்தது. ஈரம் காய்ந்தால்தான் எடை போட முடியும். காய்வதற்கு வெயில் இல்லை. குவியலுக்குச் சொந்தக்காரர்கள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கிக் காத்துக் கிடந்தார்கள்.

அப்போதுதான் மழை வந்தது. முதலில் மேற்கே வாழைத் தோப்பில் சடசடவென்று ஒரு சத்தம். அதைக் கேட்டதும் களத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். தார்ப்பாயை உதறி விரித்தார்கள். முனையில் வைக்கக் கல்லைத் தூக்கினார்கள். சாலையோரத்தில் ஒரு பெண் மட்டும் தனியாக ஒரு படுதாவோடு போராடிக்கொண்டிருந்தாள். இந்த முனையை இழுத்தால் அந்த முனை பறந்தது. படுதாவின் நடுவில் பெரிய கிழிசல் வேறு.

ஜாஃபர் சாதிக் இறங்கினார். வண்டி மேலே சாமான் மூடுவதற்காக வாங்கிய நீலத் தார்ப்பாய் ஒன்று பின் சீட்டுக்கு அடியில் மடித்து இருந்தது. பக்கக் கதவைத் தள்ளித் திறந்து அதை உருவினார். "மறு முனையைப் பிடி, கமரு," என்றார். அவள் சுல்தானைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். மூன்று பேருமாக இழுத்து விரித்து, ஓரத்தை நெல்லுக்கடியில் செருகி, கல் வைத்தார்கள். மழை கொட்டியது. நனைந்த நெல்லின் வாடை, வைக்கோலும் மண்ணும் கலந்த வாடை, மூக்கை அடைத்தது. அந்தப் பெண் தார்ப்பாயின் மேல் கவிழ்ந்து படுத்துக் காற்றுக்கு அணை கொடுத்தாள். முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்காமல், நல்ல நேரத்துக்கு வந்தீங்க பாய் என்றாள்.

திரும்பி வந்து பார்த்தபோது வண்டியின் பக்கக் கதவு திறந்தே இருந்தது. பிஸ்தா கூண்டுக்குள் இருந்தது. சுல்தான் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் வேம்பு. குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவள். புருஷன் திருப்பூரில் இருக்கிறான், அறுவடைக்கு வந்துவிட்டு மறுநாளே திரும்பிப் போய்விட்டான். நெல்லை நனையாமல் காப்பாற்றிக் கொடுத்தவர்களின் பூனை தொலைந்துபோனதில் அவளுக்குத் தாங்க முடியவில்லை. மழை விட்டதும் அவளும் கூடவே தேடினாள். தார்ப்பாய்களுக்கு அடியில், லாரிக்கு அடியில், மூட்டை அடுக்கின் சந்துகளில் பார்த்தார்கள். இருட்டிய பிறகு, இங்கே நான்கு வீடு தள்ளித்தான் என் வீடு, வந்து தங்குங்கள் என்று கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாள். பூனை இருக்கலாமா என்று கமருன்னிஸா கேட்டாள். மாடே இருக்கு, பூனைக்கென்ன அக்கா என்றாள் வேம்பு.

அன்றைக்குச் சூடான கஞ்சியும் கொள்ளுத் துவையலும் கொடுத்தாள். கமருன்னிஸா தொடவில்லை. ஜாஃபர் சாதிக் தன் கிண்ணத்தை மட்டும் காலி செய்தார். கதவைத் திறந்தது நான்தான் என்று அவர் சொல்ல நினைத்தார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்கத் தேடினார்கள். கமருன்னிஸா வாய்க்கால் கரையோடு போய்க் கூப்பிட்டாள். "சுல்தானு, எங்க வாப்பால்ல, வாங்க. உம்மா நிக்கிறேன்ல." வைக்கோல் கட்டுகிற இயந்திரக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நடவுப் பெண்கள் இல்லாத காலம் அது. வயல் முழுக்க இயந்திரங்கள்தான், வரப்பில் ஆளே கிடையாது. அவளுடைய குரல் அறுத்த தாளின் மேலே ரொம்ப தூரம் போனது. மதியத்துக்குப் பிறகு தொண்டை கம்மிவிட்டது. அவர் வேறு பக்கம் தேடினார். அவருக்கும் கூப்பிட வேண்டும் என்றிருந்தது. ஆனால் அந்தப் பூனையை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தன் குரலைக் கேட்டால் இன்னும் தூரமாக ஓடும் என்று பயந்து, சத்தமில்லாமல் புதர்களை விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் ஆஸிம் ஃபோன் செய்தான். ரிஃப்காவை ஆஸ்பத்திரியில் பார்த்து, இந்த வாரத்திலேயே ஆனாலும் ஆகலாம் என்றார்களாம். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். இன்னும் தஞ்சாவூர் ஜில்லாவையே தாண்டவில்லை என்றதும் அவனுக்குக் கோபம் வந்தது. பூனைதானே உம்மா, இங்கே வந்து வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றான். கமருன்னிஸா ஃபோனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டாள்.

வேம்பு மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருந்தாள். இரண்டு பேரும் கொல்லைப் பக்கம், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஈர வயலில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"நீங்க பொறப்படுங்க," என்றாள் அவள். குரல் வெளியே வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. "பிஸ்தாவையும் எடுத்துட்டுப் போங்க. அவன் வந்ததும் நான் ரயில்ல வர்றேன்."

"தனியாவா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்படிக் கேட்டதற்கு அவருக்கே கூசியது.

"பூனை எங்க விட்டாலும் வீட்டைத் தேடி நடந்துடுமாம். வேம்பு சொல்லுது," என்றாள். "அவன் அங்க போய் நின்னா வேற ஆளுங்க கதவைத் தொறப்பாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க போவீங்க, நான் இருப்பேன். போறவங்க திரும்பி வர்றதுக்கு வீட்டுல ஒரு ஆளு இருக்கணும்ல. இப்ப நாம ரெண்டு பேருமே போறோம். அங்க யாரு இருக்கா?"

பரோடாவுக்குப் போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் போகலாமா என்று அவளை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸிம் அவரிடம் கேட்டான். அவர் அவளிடம் சொன்னார். சரி என்று சொல்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"நான் போகல," என்றார். "அவன் கிடைக்கிற வரைக்கும் இருப்போம். ஆஸிம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஊருக்கு வந்து, போய், வந்து, போய், அத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் போகவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. வாய்க்காலும் வயலும் ஒன்றாகத் தெரிந்தன. கமருன்னிஸா பிஸ்தாவை அணைத்தபடி அப்போதுதான் கண் அசந்திருந்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார். கொள்முதல் நிலையத்தைத் தாண்டி ஒரு மதகு இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் போகவில்லை. யாரும் இல்லை என்று தெரிந்ததால் அவர் வாயைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தார். "சுல்தானு. வாங்க வாப்பா." குரல் அவருக்கே புதிதாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்படியே கூப்பிட்டுக்கொண்டே மதகின் மேல் ஏறினார்.

மதகுச் சுவருக்குப் பக்கத்தில், சாலையோரத்தில் சுல்தான் கிடந்தது. லாரி அடித்திருந்தது. உடம்பு சிதையவில்லை. வாயோரத்தில் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது. சிந்திய நெல் கொஞ்சம் மஞ்சள் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் பக்கத்தில் குந்தினார். பிறகு துண்டை விரித்து அதைத் தூக்கி வைத்தார். அந்தப் பூனையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கழுத்தடியில் முடி மிருதுவாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் விரல் போகிற இடம்.

தார்ப்பாயைத் திறந்து நெல்லைக் கிளறிவிட வந்த வேம்பு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் கரையில் ஒரு புங்க மரம் நின்றது. அதனடியில் தோண்டலாம், அங்கே ஏர் வராது, தண்ணீரும் ஏறாது என்று காட்டினாள். தானே தோண்டப்போனவளிடமிருந்து அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். களிமண் வெட்ட வெட்ட ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்பு வலிக்கிற வரை தோண்டினார்.

மண்ணைத் தள்ளி மூடிய பிறகு வேம்பு, அக்காகிட்ட சொல்லிடுங்க பாய் என்றாள்.

"பரோடா வரைக்கும் அவ எப்படி வருவா?" என்றார் அவர். "அங்க போயும் அழுதுக்கிட்டேதான் இருப்பா. எங்கயோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கட்டும். நீங்களும் சொல்லாதீங்க."

வேம்புக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினாள். அவர் வாய்க்காலில் கைகால் கழுவினார். சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினார். என்ன சொல்வது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கமருன்னிஸா எழுந்து கொல்லைப் படியில் நின்றிருந்தாள்.

"பாத்தேன், கமரு," என்றார். "களத்துல மூட்டை அடுக்கு மேல படுத்திருக்கான். கிட்டப் போனா ஓடுறான். மழைக்கு ஒதுங்குற எலியெல்லாம் அங்கதான் இருக்கு, அதான் பிடிச்சுப்போச்சு போல. லோடுமேனுங்க பாலு ஊத்துறாங்களாம். நல்லா இருக்கான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நீ வந்து கூப்பிட்டாலும் வர மாட்டான் என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. எங்கே, வாங்க போவோம் என்று அவள் கிளம்பவில்லை. "சாப்பிட்டிருந்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"வயிறு நெறஞ்சிருந்துச்சு."

"சரி," என்றாள்.

அவ்வளவு லேசாக முடிந்ததில் அவருக்கு ஆச்சரியம். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவள் துணிகளை மடித்தாள். பிஸ்தாவுக்குப் பால் வைத்தாள். கிளம்பும்போது வேம்புவிடம், கூண்டு எங்களுக்குப் பெருசு, நீங்க வச்சுக்குங்க, கோழிக்குஞ்சு விடலாம் என்றாள். வேம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நீலத் தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம், வெயில் வருகிறவரை உங்களிடமே இருக்கட்டும் என்று ஜாஃபர் சாதிக் சொல்லிவிட்டார்.

கொள்முதல் நிலையத்தைக் கடக்கும்போது அவர் வேகத்தைக் கூட்டினார். மூட்டை அடுக்கை அவள் திரும்பிப் பார்ப்பாளோ என்று கண்ணாடியில் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. மதகில் வண்டி ஏறி இறங்கியது. பிஸ்தாவின் தலையைத் தடவியபடி அவள் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லணையில் நிறுத்தினார். நீ இறங்கிப் பார்த்துவிட்டு வா, நான் பிஸ்தாவைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அவரும் இறங்கவில்லை. மதகுகளில் தண்ணீர் இரைந்து போவதைக் வண்டிக்குள் இருந்தபடியே இரண்டு பேரும் பார்த்தார்கள். அவித்த கடலை விற்கிற ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனாள். பிறகு வண்டியை எடுத்தார்.

ஆற்றோரமாகவே சாலை போனது. நெல் வயல்கள் குறைந்து, வாழைத் தோட்டங்கள் தொடங்கின. காற்றில் கிழிந்த இலைகள் ஆடின. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்:

"எங்க வச்சீங்க?"

"எதை?"

"சுல்தானை."

அவர் சாலையை விட்டு ஓரமாக இறக்கி, ஒரு வாழைத் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாய்க்கால் கரையில. ஒரு புங்க மரத்தடியில. ஆழமாத்தான் தோண்டினேன்."

"துணி ஏதாவது சுத்துனீங்களா?"

"என் துண்டு."

அவள் அழுதாள். சத்தம் இல்லை, தொண்டைதான் போய்விட்டதே. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. பிஸ்தா அவள் மடியிலிருந்து இறங்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. சாலையில் நெல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. ஒவ்வொன்று போகும்போதும் வண்டி லேசாக ஆடியது.

"வேம்பு சொல்லுச்சா?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்கேருந்து ஃபோன் பண்ணும்போதெல்லாம், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்வீங்கள்ல. காலையில சுல்தான் நல்லா இருக்கான்னு சொன்னதும் அதே குரல்லதான்."

முப்பது வருஷத்துக் குரல்கள் அவருக்குள் ஓடின. சம்பளம் நின்ற மாசங்களில் பேசியது. நெஞ்சு வலியில் படுத்திருந்தபோது எழுந்து உட்கார்ந்து பேசியது. பெருநாள் காலைகளில் பேசியது.

"அப்ப எல்லாம் தெரியுமா?"

"நல்லா இல்லைன்னு தெரியும். என்னன்னு தெரியாது."

"கேட்டிருக்கலாமே, கமரு."

"கேட்டா அதுக்கும் நீங்க ஒண்ணு சொல்லணும். அங்க உக்காந்துக்கிட்டு, யாருமில்லாம." அவள் குரல் உடைந்து, சரியாகி, மறுபடி காற்றானது. "இப்ப கேக்குறேன். சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"மொதல்லேருந்து."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணை வெட்டி மடை திருப்புகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கே தொடங்குவது என்று ஜாஃபர் சாதிக்குக்குப் பிடிபடவில்லை. யாரிடமும் அவர் சொன்னதில்லை. அதற்கான வார்த்தைகள் அவரிடம் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"மொதல் வருஷம் இருந்த ரூம்ல," என்றார், "ஜன்னல் கிடையாது."